காஞ்சிச் சீமையில் பூந்தோட்டமும் மூலிகைப் பாத்தியும்

காஞ்சீபுரத்துத் தறிகளில் நெய்யப்படும் பட்டுப் புடவைகளில் 'மல்லிமொக்கு' என்னும் வேலைப்பாடு வெகுகாலமாய் வழங்கி வருகிறது. தறிக்கு வேண்டிய பட்டுநூல் பெரும்பாலும் கன்னட நாட்டிலிருந்தும், சரிகை சூரத்திலிருந்தும் வந்து சேருகின்றன. நகரத்தின் கோயில்களுக்கும் கல்யாணங்களுக்கும் நாள்தோறும் வேண்டியிருக்கும் மெய்யான மல்லிகை மொக்கோ, சுற்றுப்புறத்துக் கிராமங்களின் மண்ணிலேயே விளையக்கூடியது. ஆகவே, காஞ்சியைச் சுற்றி நிலம் வைத்திருப்பவர்களுக்குப் பூச் சாகுபடி கைக்கெட்டிய தொழிலாகும்.

ஆயினும், இத்தொழிலில் இறங்கியவர்கள் எல்லோரும் அதில் நிலைப்பதில்லை. முதல் சில வருஷங்களில் நல்ல வரும்படி தந்த தோட்டம் பிறகு படிப்படியாய் வெளுத்து, வேர் முடிச்சிட்டு, மொட்டுச் சிறுத்துப் போகிறது. விளைவு குறையக் குறைய மருந்துச் செலவு ஏறுகிறது. மண்டிக்காரரிடம் வாங்கிய முன்பணம் கடனாய் நிற்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் முதலிய இடங்களில் ஆலைகள் பெருகிய பிறகு நிலத்திற்கு மனை விலை கிடைப்பதால், களைத்துப்போன தோட்டத்தை விற்றுவிடலாம் என்ற எண்ணமும் எளிதில் உண்டாகிறது. மனைக்கல் நட்ட பூமியில் மறுபடியும் ஏர் செல்வதில்லை. எனவே, ஒரு பூந்தோட்டத்தைப் பத்துப் பதினைந்து வருஷம் மண்ணும் நீரும் கெடாமல் நடத்துவது எப்படி என்பதும், அதனுடன் மூலிகைகளைச் சேர்த்துக்கொள்வதால் உண்டாகும் அனுகூலம் யாது என்பதும் ஆராயத்தக்கவை.

முன்னோர் ஏற்பாடு

பூவும் மூலிகையும் இந்தச் சீமைக்குப் புதியவை அல்ல. பல்லவர், சோழர் காலத்துக் கோயில்களில் திருநந்தவனத்திற்காக நிலம் விடப்பட்டதைக் கூறும் கல்வெட்டுக்கள் அநேகம். உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய வருஷங்களில் வெட்டப்பட்ட சாசனங்கள், ஊர்ச்சபை குடவோலை முறையில் வாரியங்களைத் தேர்ந்த விதத்தைச் சொல்லுகின்றன. அவற்றில் ஏரி வாரியத்திற்கு ஆறு பேரும் தோட்ட வாரியத்திற்குப் பன்னிரண்டு பேரும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். தோட்டத்தைப் பேணுவது தனிமனிதர் காரியம் மாத்திரமன்றி ஊர்க் காரியமாகவும் எண்ணப்பட்டது என்பதற்கு இது சான்று.

பழைய சீவரத்திற்கு எதிரே, பாலாற்றின் தென்கரையில் திருமுக்கூடல் என்னும் ஊர் இருக்கிறது. பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் கூடுமிடமாதலால் அதற்கு அப்பெயர் வந்தது. அவ்வூர் வெங்கடேசப் பெருமாள் கோயிலில், 11ஆம் நூற்றாண்டில் ஆண்ட வீரராஜேந்திர சோழன் காலத்துச் சாசனம் ஒன்று, கோயிலைச் சார்ந்து 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலை நடந்ததைத் தெரிவிக்கிறது. வைத்தியருக்கும், அறுவைச் சிகிச்சை செய்பவருக்கும், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்களுக்கும் ஏற்பட்ட ஊதியத்துடன், மூலிகை கொண்டுவரும் ஆட்கள் இருவருக்கும் ஊதியம் குறிக்கப்பட்டிருக்கிறது. சேமித்து வைக்கப்பட்ட மருந்துகளின் பட்டியலில் வாஸா ஹரீதகி, பில்வாதி கிருதம் முதலியன காணப்படுகின்றன. வாஸா என்பது ஆடாதோடை, ஹரீதகி கடுக்காய், பில்வம் வில்வம். இன்றைக்கும் வேலியோரத்தில் நிற்கும் ஆடாதோடையைத்தான் அன்று அந்த ஆட்கள் கொண்டு வந்தார்கள். தரிசும் ஏரிக்கரையும் ஆற்றோரமும் நிறைய இருந்த காலத்தில் இரண்டு ஆட்கள் தேடிக் கொண்டுவருவது போதுமானதாயிருந்தது. இக்காலத்தில் அப்படித் தேடிப் பறிப்பதொன்றையே நம்பினால் செடியின் வித்தே அற்றுப்போகும். மூலிகையையும் பாத்தியில் இட்டுப் பயிராக்க வேண்டிய அவசியம் இதனால் விளங்கும்.

நிலமும் நீரும்

மல்லிகை இனங்களுக்கு வடிகால் உள்ள செம்பொறை நிலமும் வண்டல் கலந்த மணற்பாங்கான நிலமும் ஏற்றவை. களியும் களர் பூமியும் ஆகா. நடுவதற்குமுன் மண்ணையும் கிணற்றுநீரையும் பரிசோதனை செய்வித்துக்கொள்வது முதற்கடமை. உப்பு மிகுந்த நீரைப் பாய்ச்சினால் இலையோரம் கருகும். சில வருஷங்களில் மண்ணும் இறுகும். பாலாற்றின் மேற்பகுதியில் தோல் பதனிடும் தொழிலால் நிலமும் நீரும் கெட்ட வரலாறு அனைவரும் அறிந்ததே. அது பற்றி உச்சநீதிமன்றம் 1996ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் கடுமையான தீர்ப்பு அளித்தது. நகரக் கழிவு கலக்கும் வேகவதி நீரையும், சாயத் தொட்டிகளிலிருந்து வெளியேறும் நீரையும் பூச்செடிக்குப் பாய்ச்சுவது கூடாது. மூலிகைக்குப் பாய்ச்சுவது எவ்விதத்திலும் கூடாது. ஏனெனில் அந்நீரிலுள்ள தீங்கு மருந்து உண்பவரின் உடலில் போய்ச் சேரும்.

இச்சீமையில் மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கொட்டித் தீர்கிறது. 2015 டிசம்பர் 1ஆம் தேதியை ஒட்டி, அப்போது காஞ்சீபுரம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்ததை மறப்பதற்கில்லை. மல்லிகை வேர் தேங்கிய நீரில் அழுகும் இயல்புடையது. ஆகையால், எட்டு அல்லது பத்து வரிசைகளுக்கு ஒரு வடிகால் வாய்க்காலாவது தோட்டம் போடும்போதே வெட்டிவிட வேண்டும். கோடையில் நீர் குறைவதற்குச் சொட்டுநீர்ப் பாசனம் தக்க பரிகாரம். அதற்கு அரசாங்கம் சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியமும் மற்றவர்களுக்கு முக்கால் பங்கு மானியமும் வழங்கி வந்திருக்கிறது. செடியடியில் வைக்கோல், சருகு, தென்னைநார்க் கழிவு ஆகியவற்றைப் பரப்பி மூடாக்கு இடுவதால் ஈரம் நிற்பதுடன் களையும் அடங்கும்.

ஓர் ஏக்கருக்கு ஒரு திட்டம்

ஓர் ஏக்கர் முழுவதும் ஒரே இனப் பூவை வைப்பது, விலை விழும் மாதத்தில் குடும்பத்தைத் திண்டாட வைக்கும். கீழ்க்கண்ட பங்கீடு ஒரு மாதிரியாகக் கொள்ளத்தக்கது.

குண்டுமல்லி 40 சென்ட். முல்லை 15 சென்ட். கனகாம்பரம் 10 சென்ட். துலுக்கச் சாமந்தி 10 சென்ட். நிலவேம்பு, துளசி முதலிய மூலிகைகள் 20 சென்ட். நாற்றங்காலும் எருக்குழியும் 5 சென்ட். வரப்பு வேலிகளில் ஆடாதோடையும் நொச்சியும் வைக்கலாம். மூலிகைப் பாத்திக்கும் பூப் பாத்திக்கும் இடையே அகத்தியை நெருக்கமாய் இரண்டு வரிசை போடவேண்டும். பூவுக்குத் தெளிக்கும் மருந்து காற்றில் வந்து மூலிகையின்மேல் படியாதபடி அது தடுக்கும். தழையும் மாட்டுக்கு உதவும்.

இத்திட்டத்தில் ஒவ்வொரு பயிரும் மற்றொன்றிற்குத் துணை நிற்பது கவனிக்கத்தக்கது. துலுக்கச் சாமந்தியின் வேர் மண்ணிலுள்ள நூற்புழுக்களைக் குறைக்க வல்லது. ஆகையால், அந்தப் பத்துச் சென்டை ஒரே இடத்தில் வைத்திராமல், வருஷந்தோறும் கனகாம்பரப் பாத்தியோடு இடம் மாற்றிக்கொண்டு வரவேண்டும். கனகாம்பரத்திற்கு நூற்புழு பெரும் பகை. ஆடாதோடையை ஆடு மேயாது. அதன் தழை உரத்திற்கும் ஆகும். மானாவாரியில் தானே முளைக்கும் கொழிஞ்சி சிறந்த தழை உரம். அதுவும் ஒரு மூலிகையே.

குண்டுமல்லி

ஒன்றரை அடி நீள அகல ஆழமுள்ள குழிகளை நாலடிக்கு ஒன்றாக வெட்டி, சில நாள் ஆறவிட்டு, குழிக்குப் பத்துக் கிலோ மக்கிய எரு இட்டு, வேர்விட்ட பதியன்களை நடவேண்டும். இந்த இடைவெளியில் 40 சென்டில் ஏறக்குறைய 1,090 செடிகள் நிற்கும். பதியன்களை நோயுற்ற தோட்டத்திலிருந்து வாங்கினால் நூற்புழுவையும் கூடவே விலைக்கு வாங்கியதாகும். வேரைக் கழுவிப் பார்த்து, முடிச்சு இருந்தால் தள்ளிவிட வேண்டியது.

நவம்பர் கடைசி வாரத்தில் செடியைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்திற்குக் கவாத்து செய்வது முறை. அந்த வாரத்தில் அடைமழையாயிருந்தால், வானம் வெறிக்கும் வரையில் பொறுத்து வெட்டுவதே நலம். ஈரத்தில் வெட்டிய கிளை நுனியிலிருந்து காயத் தொடங்கும். முல்லைக்குக் கவாத்து ஜனவரி கடைசியில் செய்யப்படும். கவாத்து செய்தபின் செடிக்குப் பத்துக் கிலோ எருவும், வருஷத்திற்கு 60 கிராம் தழைச்சத்து, 120 கிராம் மணிச்சத்து, 120 கிராம் சாம்பல்சத்து என்ற அளவில் உரமும் இடும்படி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் சிபார்சு செய்கின்றனர். ரசாயன உரத்தை ஒரே தடவையில் கொட்டாமல், கவாத்து முடிந்ததும் பாதியும், ஜூன், ஜூலை மாதங்களில் பாதியும் இடவேண்டும். மண் பரிசோதனையில் போதிய சத்து இருப்பதாய்த் தெரிந்தால் அதற்குத் தக்கபடி குறைத்துக்கொள்ளலாம். இல்லாத சத்துக்கு இடுவதே உரம், இருப்பதன்மேல் இடுவது வீண் செலவு. ஏரி வண்டலை அநுமதி பெற்று எடுத்து இரண்டு மூன்று வருஷத்திற்கு ஒருமுறை அடிப்பது பழைய பழக்கம். அதைக் கைவிடலாகாது.

முல்லையில் இலையும் மொக்கும் வெள்ளை மயிர் படர்ந்தாற்போல் சுருங்கச் செய்யும் சிலந்திப் பேன் பெரும் தொல்லை கொடுக்கும். அதைத் தாங்கி வளரும் 'பாரிமுல்லை' என்னும் ரகம் பல்கலைக்கழகத்தாரால் வெளியிடப்பட்டுள்ளது. புதிதாக நடுபவர்கள் அதனைத் தேர்ந்துகொள்வது உசிதம்.

பூச்சிகளும் பரிகாரமும்

மல்லிகையை மொட்டுப்புழுவும், மொட்டு ஈயும், செஞ்சிலந்தியும் தாக்குகின்றன. மொட்டுப்புழு மொக்கைத் துளைத்து உள்ளே தின்னும். மொட்டு ஈயின் புழு, மொக்கின் அடியைத் தாக்கி அதைச் செவ்வூதாவாக்கிச் சுருளச் செய்யும். ஈயின் புழுக்கள் கூண்டுப் பருவத்தை மண்ணில் கழிக்கின்றன. இந்த இயல்பைத் தெரிந்துகொண்டவனுக்குப் பாதிச் சிகிச்சை கைவந்ததாகும். தாக்கப்பட்ட மொக்குகளைச் செடியிலும் தரையிலும் விட்டுவைக்காமல் பொறுக்கி எரித்துவிடுவது, செடியடி மண்ணைக் கொத்திக் கிளறி வெயில் படச் செய்வது, வேப்பம்புண்ணாக்கை மண்ணில் கலப்பது ஆகிய மூன்றும் முதலிற் செய்யத்தக்கவை.

வேப்பங்கொட்டைச் சாறு தயாரிக்கும் முறையாவது: நன்றாய் உலர்ந்த வேப்பம்பருப்பு 5 கிலோவை இடித்து, துணியில் முடிந்து, பத்து லிட்டர் தண்ணீரில் ஓரிரவு ஊறவைக்க வேண்டும். மறுநாள் சாறு முழுவதும் இறங்கும்படி பலமுறை பிழிந்து, வடிகட்டி, 100 லிட்டராகும்படி தண்ணீர் சேர்த்து, 100 கிராம் சோப்பைக் கரைத்துக் கலந்து மாலை வேளையில் தெளிக்க வேண்டும். வெயிலில் தெளித்தால் வீரியம் விரைவில் கெடும். ஒருநாள் தயாரித்ததை மறுநாளைக்கு வைத்திருக்கலாகாது.

கடும் விஷமருந்துகளைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லாமலிருப்பதற்கில்லை. மல்லிகை மொக்கு விடியுமுன் பறிக்கப்படுகிறது. முந்தின நாள் மாலை அடித்த மருந்து, பறிக்கும் பெண்களின் விரலிலும், தொடுக்கிறவர்களின் கையிலும் படும். நார் கிழிக்கும்போதும் முடிச்சிடும்போதும் வாய்க்கும் போகும். பிறகு சுவாமியின் திருமேனியிலும் ஸ்திரீகளின் கூந்தலிலும் அதே பூ ஏறுகிறது. பூ உண்ணும் பண்டம் அல்லவென்று சொல்லிக் கவலையின்றி அடிப்பது நியாயமாகாது. மருந்து அவசியமானால், தோட்டக்கலை உத்தியோகஸ்தரின் யோசனையைக் கேட்டு, சொல்லிய அளவில் மாத்திரம், பறிப்பு முடிந்தவுடன் தெளித்து, குறிப்பிட்ட நாள் வரையில் அந்தப் பகுதியில் பறிப்பை நிறுத்திவைக்க வேண்டும். ஒரு நாளைய விளைவு நஷ்டமாவது பெரிதல்ல. பறிக்க வருகிறவர்களின் தேகநலம் அதைவிடப் பெரிது.

மூலிகைப் பாத்தி

மூலிகை வைப்பவர்கள் முதலில் வாங்குவோர் யாரென்று தெரிந்துகொண்டு பிறகே விதைக்க வேண்டும். பூவைப்போல் மூலிகைக்கு நாள்தோறும் சந்தை கிடையாது. தமிழ்நாட்டில் சித்த, ஆயுர்வேத, யூனானி மருந்துகள் தயாரிப்பதற்காக 1983இல் 'டாம்ப்கால்' என்னும் அரசு நிறுவனமும், இந்திய அரசாங்கத்தால் 2000த்தில் தேசிய மருத்துவத் தாவர வாரியமும் ஏற்படுத்தப்பட்டன. தனியார் மருந்து சாலைகளும் உண்டு. எந்தப் பகுதி வேண்டும், எவ்வளவு உலர்ந்திருக்க வேண்டும், எப்போது எடுத்துக்கொள்வார்கள் என்பனவற்றை எழுத்தில் பெறாமல் ஒரு சென்ட்கூட நடலாகாது.

நிலவேம்பு: 2012இல் டெங்குக் காய்ச்சல் பரவியபோது நிலவேம்புக் குடிநீர் எங்கும் வழங்கப்பட்டதனால் இதன் பெயர் ஊரறிந்ததாயிற்று. விதை மிகச் சிறியதாகையால் மணல் கலந்து நாற்றங்காலில் தூவி, நாற்றானதும் வரிசைக்கு ஓரடியும் செடிக்கு அரையடியுமாக நடவேண்டும். பூக்கத் தொடங்கும் சமயத்தில், அதாவது நட்ட மூன்று நான்கு மாதத்தில், கசப்புச் சத்து மிகுதியாயிருக்கும். அப்போது அறுத்து நிழலில் உலர்த்த வேண்டும்.

துளசி: இதற்குக் கோயிலிலும் மருந்து சாலையிலும் கிராக்கி உண்டு. பெருமாள் கோயில்கள் நிறைந்த காஞ்சியில் பச்சைத் துளசிக்கு என்றும் செலவு இருக்கிறது. நட்ட மூன்றாம் மாதம் முதல், தரையிலிருந்து அரையடி விட்டு அறுத்து வந்தால் மறுதாம்பு கிளைக்கும். வேரோடு பிடுங்குவது முட்டையிடும் கோழியை அறுப்பதற்கு ஒப்பாகும்.

வல்லாரை, கரிசலாங்கண்ணி: இவற்றிற்குத் தனி நிலம் வேண்டுவதில்லை. வாய்க்கால் ஓரத்து ஈரமே போதும். அந்த ஈரம் சுத்தமானதாயிருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

நித்தியகல்யாணி: அழகுக்கும் மருந்துக்கும் ஆகும் செடி. கனடா தேசத்து ஆராய்ச்சியாளர்கள் 1958இல் இதிலிருந்து வின்பிளாஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். வறண்ட நிலத்திலும் வளரும். ஆனால் இது நஞ்சுடையது. மாட்டுத் தீவனத்தில் கலவாமல் காக்க வேண்டும். வீட்டில் கஷாயம் வைத்துக் குடிப்பது அபாயம்.

செங்காந்தள் என்னும் கண்வலிக்கிழங்கு மூலனூர், தாராபுரம் பக்கங்களில் பெருவாரியாய்ப் பயிராகிறது. பந்தல் செலவும், கையால் மகரந்தம் சேர்க்கும் வேலையும், விதை விலையின் ஏற்ற இறக்கமும் இதில் அதிகம். கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு. முதன்முதல் மூலிகையில் இறங்குபவர்களுக்கு இது ஏற்றதல்ல.

பறிப்பும் விற்பனையும்

காஞ்சியில் பூவின் விலை பஞ்சாங்கத்தைப் பின்பற்றி ஏறி இறங்குவது. மாசியில் காமாட்சியம்மன் பிரம்மோற்சவம், பங்குனியில் ஏகாம்பரநாதர் உத்திரத் திருவிழா, வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவை ஆகிய நாட்களிலும், முகூர்த்த நாட்களிலும் கிராக்கி மிகும். குண்டுமல்லி மார்ச் முதல் ஜூன் வரையில் மிகுதியாய்ப் பூப்பதால், அம்மாதங்களில் முகூர்த்தமில்லாத நாளில் விலை வீழ்ச்சியடையும். குளிர்காலத்தில் மொக்கு அருமையாவதால் விலை உச்சத்திற்குப் போகும். அப்போது விற்கப் பூ இராது. கனகாம்பரமும் துளசியும் வைத்திருப்பவனுக்கு அந்த இடைவெளியில் கைச்செலவுக்குப் பணம் வரும். அத்தி வரதர் 40 வருஷத்திற்கு ஒருமுறை எழுந்தருளும் வைபவம் 2019இல் 48 நாள் நடந்தது. அத்தகைய அபூர்வக் கிராக்கியை நம்பித் தோட்டத்தை விஸ்தரிப்பது விவேகமன்று. அடுத்த தடவை வருவதற்குள் ஒரு தலைமுறை கழிந்துவிடும்.

நாலைந்து கிராமத்துப் பூக்காரர்கள் ஒன்றுகூடி ஒரே வண்டியில் அனுப்பினால் கூலி குறையும். மண்டியில் எடையும் விலையும் கேட்டு வாங்கத் தைரியமும் உண்டாகும். முன்பணம் வாங்குபவர்கள் தொகையையும் கமிஷனையும் கையெழுத்திட்ட சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

கோயில்களில் கழிக்கப்படும் நிர்மால்யப் பூக்களை ஏரியிலும் குளத்திலும் போடுவதால் நீர் கெடுகிறது. நாரையும் பிளாஸ்டிக்கையும் நீக்கிவிட்டு, சாணத்துடன் அடுக்கடுக்காய்க் குழியிலிட்டு மக்கவைத்தால் அது எருவாகும். தோட்டத்திலிருந்து கோயிலுக்குப் போன பூ, எருவாய்த் தோட்டத்திற்கே திரும்பி வருவது எவ்வளவு பொருத்தம்!

கிராம உத்தியோகஸ்தர்கள் கவனிக்க வேண்டியவை

முதலாவது, அடங்கல் பதிவு. பசலி ஆரம்பமான ஜூலை முதல் தேதி தொட்டு, பயிரைப் பார்வையிட்டுப் பதியும்போது, 'தோட்டப்பயிர்' என்று பொதுவாய் எழுதிவிடாமல், மல்லிகை இவ்வளவு, கனகாம்பரம் இவ்வளவு, மூலிகை இவ்வளவு என்று உட்பிரிவுவாரியாய் விஸ்தீரணத்துடன் எழுத வேண்டும். வெள்ளத்தால் தோட்டம் அழிந்தால் நிவாரணமும், பாங்கியில் பயிர்க்கடனும் இப்பதிவைப் பொறுத்தவை. சாகுபடி செய்பவன் குத்தகைதாரனாயிருந்தால் அவனுக்கு இது ஜீவாதாரமான விஷயம்.

இரண்டாவது, ஏரி வரத்துக் கால்வாய்களும் கலங்கல்களும் அடைபடாமல் பார்த்துக்கொள்வது. வடிகால் அடைபட்ட கிராமத்தில் எந்த உரமும் மல்லிகையைக் காப்பாற்றாது.

மூன்றாவது, புறம்போக்கிலும் கோயிற்காட்டிலும் தானாய் வளரும் மூலிகைகளை வேரோடு வண்டி வண்டியாய் எடுத்துச் செல்வோரைக் கவனித்து, மேலதிகாரிகளுக்குத் தெரிவிப்பது. விதை விழுவதற்குத் தாய்ச்செடிகளாவது மிஞ்ச வேண்டும்.

சுருங்கக் கூறின், நீரைச் சோதித்து நடுதல், பல இனங்களைக் கலந்து வைத்தல், நோயற்ற பதியனைத் தேர்தல், மண்ணுக்கு எருவைத் திருப்பித் தருதல், விஷமருந்தைக் கடைசி உபாயமாய் வைத்தல், வாங்குவோரை அறிந்தபின் மூலிகை விதைத்தல் ஆகிய ஆறும் தோட்டம் நிலைப்பதற்கு வழியாகும். இந்த வருஷம் ஓர் ஏக்கர் முழுவதையும் மாற்ற முடியாதவர்கள் பத்துச் சென்டில் துலுக்கச் சாமந்தியும், வேலியில் ஆடாதோடையும் வைத்துத் தொடங்கலாம். அடுத்த கவாத்துக்குள் மண்ணில் உண்டாகும் மாறுதலைத் தங்கள் கண்ணாலேயே காண்பார்கள்.